கங்காவும் பிரபுவும்

மழை பிடித்துக்கொண்டால் தியாகராய நகர்வாசிகளுக்குத் தங்கள் பேட்டையின் பூர்வீகம் ஞாபகம் வந்துவிடும். நூறு வருஷங்களுக்கு முன்னால் இது ஊரே அல்ல, ஏரி. 1920-களில் ஏரியைத் தூர்த்து மனை போட்டார்கள். ஜஸ்டிஸ் கட்சி ஆண்ட காலம் அது. ஆகையால் பேட்டைக்கு சர் பிட்டி தியாகராய செட்டியார் பெயர், பூங்காவுக்குப் பனகல் ராஜா பெயர், பெரிய சாலைக்கு உஸ்மான் சாகிப் பெயர் என்று வைத்தார்கள். பெயர் மாற்றிப் பட்டா கொடுத்தாலும் ஏரி தன் பாத்தியதையை விட்டுக்கொடுக்கவில்லை. ஐப்பசி பிறந்துவிட்டால், "இது என் இடம்" என்று வீட்டு வாசற்படி வரைக்கும் வந்து கேட்டுவிட்டுப் போகிறது.

அப்படி ஒரு மாலையில் பனகல் பார்க் பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கி நின்றேன். எனக்குச் சற்றுத் தள்ளி ஒரு கல்லூரிப் பெண். புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. உள்ளே இருந்தவர் ஏதோ கேட்டார். அந்தப் பெண் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு இரண்டு அடி பின்னால் நகர்ந்துகொண்டாள். கார் போய்விட்டது. ஐந்து நிமிஷத்தில், அவள் கைப்பேசியில் கூப்பிட்டிருந்த ஆட்டோ வந்தது, ஏறிக்கொண்டு போய்விட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். காரில் வந்தவர் பரம சாதுவாகவே இருக்கலாம். ஆனாலும் அந்த அரை நிமிஷம் என் நெஞ்சு அடித்துக்கொண்டது நிஜம். என் வயதுத் தமிழ் வாசகர்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் அடித்துக்கொண்டிருக்கும். மழை, பஸ் நிறுத்தம், தனியாக நிற்கும் பெண், வந்து நிற்கும் கார் என்ற இந்த நாலையும் ஒன்றாகப் பார்த்துவிட்டால் எங்களுக்கு ஜெயகாந்தன் ஞாபகம் வராமல் இருக்காது.

1966-ஆம் வருஷம் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதையைத்தான் சொல்கிறேன். காரில் ஏறிய பெண் வீட்டுக்குத் திரும்பி வந்து, நடந்ததைத் தாயாரிடம் சொல்லிவிடுகிறாள். தாயார் பதறுகிறாள், திகைக்கிறாள். ஆனால் ஊரைக் கூட்டவில்லை. மகளை உட்காரவைத்துத் தலையில் தண்ணீரைக் கொட்டிக் குளிப்பாட்டுகிறாள். அழுக்குப் போய்விட்டது, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி அணைத்துக்கொள்கிறாள். தலைப்பில் இருப்பது நெருப்பு. கதையில் இருப்பது தண்ணீர். சீதைக்கு ராமன் வைத்த பரீட்சையை, ஒரு ஏழை விதவைத் தாய் தண்ணீரை எடுத்து அணைத்துவிட்டாள் என்பதுதான் கதை.

அந்தத் தண்ணீர் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் மேல் சுடுநீராக விழுந்தது. கண்டனக் கடிதங்கள் வந்தன. "ஒரு தாயார் இப்படிச் செய்வாளா?" என்று கேட்டார்கள். செய்யக் கூடாது என்பதுதான் அந்தக் கேள்வியின் அர்த்தம். ஜெயகாந்தன் சும்மா இருக்கிற ஆசாமி அல்ல. நீங்கள் கேட்கிற தாயாரையே தருகிறேன், அப்புறம் அந்தப் பெண் என்ன ஆகிறாள் என்று பாருங்கள் என்று சொல்வதுபோல், தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்ற தொடர்கதையை எழுதினார். அது 1970-இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற பெயரில் புத்தகமாயிற்று. 1972-இல் அதற்குச் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. 1977-இல் ஏ. பீம்சிங் அதைச் சினிமாவாக எடுத்தார்.

நான் எழுத எடுத்துக்கொண்டது அந்தச் சினிமாவில் வரும் இரண்டு பேரைப் பற்றித்தான். கங்கா என்ற பெண்ணும், அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போன பிரபு என்ற மனிதனும். கெடுத்தவனுக்கும் கெடுக்கப்பட்டவளுக்கும் நடுவில் ஒரு நேசம் உண்டாகிறது என்றால், அது கேட்கச் சகிக்கக்கூடிய கதையா? அதைச் சகிக்கும்படி மட்டும் அல்ல, மறக்க முடியாதபடியும் எடுத்திருக்கிறார்களே, அது எப்படி? என்னுடைய இந்தச் சந்தேகத்துக்கு வயது ஐம்பதுக்கு மேல் ஆகப்போகிறது.

முதலில் கொஞ்சம் பழைய கதை.

அடிபட்ட இரண்டு பேரை ஒன்று சேர்ப்பது தமிழ் சினிமாவுக்குப் புதிது அல்ல. 1937-இல் வந்த 'சிந்தாமணி'யை எடுத்துக்கொள்ளுங்கள். எம். கே. தியாகராஜ பாகவதர் பில்வமங்கள், கே. அஸ்வத்தம்மா தாசி சிந்தாமணி. அவன் மனைவியையும் மானத்தையும் மறந்து தாசி வீடே கதியென்று கிடந்தவன். அவளோ ஊர் தன்னை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்று தெரிந்தவள். இருவரையும் கரையேற்றக் கண்ணபிரான் இருந்தான். பக்தி வந்தது, பாவம் போயிற்று, ஜனங்களும் மாதக்கணக்காக வந்து பார்த்தார்கள்.

கால் நூற்றாண்டு போயிற்று. கண்ணபிரானின் உத்தியோகத்தை டாக்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். இதே பீம்சிங் 'பா' என்ற எழுத்தில் தொடங்கும் படங்களாக எடுத்துத் தள்ளிய காலம் அது. 'பாகப்பிரிவினை'யில் (1959) கதாநாயகனுக்கு ஒரு கை விளங்காது. கடைசியில் அது சரியாகிவிடுகிறது. 'பாலும் பழமு'மில் (1961) மனைவிக்குக் காசநோய். செத்துப்போனாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கும்போது, கண்ணிழந்த கணவனுக்குத் தாதியாகத் திரும்பி வருகிறாள். அவளுக்கு நோய் தீர்கிறது. அவனுக்குப் பார்வை வருகிறது. நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறோம்.

1965-இல் ஸ்ரீதரின் 'வெண்ணிற ஆடை' வந்தது. மணமான சூட்டோடு கணவனைப் பறிகொடுத்துப் புத்தி பேதலித்த பெண்ணாக ஜெயலலிதா. அவளைக் குணப்படுத்த வரும் மனநோய் டாக்டராக ஒரு புதுமுகம். பெயர் ஸ்ரீகாந்த். அவள் குணமாகிறாள், டாக்டரையே காதலிக்கிறாள், அவர் மனசில் வேறொரு பெண் இருக்கிறாள் என்று தெரிந்ததும் வெள்ளைச் சேலையை எடுத்து உடுத்திக்கொள்கிறாள். இங்கே டாக்டரால் நோயைத்தான் தீர்க்க முடிந்தது. வாழ்க்கையைத் தீர்த்துவைக்க முடியவில்லை. ஸ்ரீதர் அந்த அளவுக்குத் துணிந்தது பெரிய காரியம்.

பன்னிரண்டு வருஷங்களுக்குப் பிறகு, அந்தப் பழைய டாக்டர் ஸ்ரீகாந்த்தான் பிரபுவாக வந்தார். ஆற்ற வந்தவரையே ஆறாத புண்ணை உண்டாக்கியவனாகப் பார்க்கும்படி ஆயிற்று. கங்காவாக வந்தவர் லட்சுமி. 'சிந்தாமணி'யை டைரக்ட் செய்த ஒய். வி. ராவின் மகள். தகப்பனார் படத்தில் கண்ணன் இருந்தான். மகள் படத்தில் ஒருவருமே இல்லை. கடவுள் வரவில்லை, டாக்டர் வரவில்லை, கெட்டிமேளமும் கொட்டவில்லை. இரண்டு பேர் ஒரு காரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நடிப்புக்காக லட்சுமிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. தமிழ்ப் படம் ஒன்றில் நடித்ததற்காக ஒரு நடிகைக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் தடவை.

படம் பார்க்காத இளைஞர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பார்த்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மழை நாளன்று வீட்டுக்கு வந்து அழுத கங்காவின் தலையில் இந்தத் தடவை தாயார் தண்ணீர் கொட்டவில்லை, கத்திவிடுகிறாள். சுவருக்குச் சுவர் காது இருக்கிற குடித்தனம். ஊருக்குத் தெரிந்துபோகிறது. அண்ணன் வீட்டை விட்டு விரட்டுகிறான். வெங்கு மாமா என்ற தாய்மாமன் அடைக்கலம் கொடுத்துப் படிக்க வைக்கிறார். வக்கீல், சாஸ்திரம் தெரிந்தவர், ஆனால் அவருடைய கை மட்டும் சாஸ்திரம் அறியாதது. ஒய். ஜி. பார்த்தசாரதி அந்த மாமாவாக வந்து, நமக்கு நாற்காலியில் முள் வைத்ததுபோல் செய்துவிடுகிறார். படித்து, பெரிய உத்தியோகத்துக்கும் வந்துவிட்ட பிறகு கூட, மாமாவின் தீர்ப்பு மாறவில்லை. அவள் யாருக்கும் மனைவியாக முடியாது, வேண்டுமானால் ஆசைநாயகியாக இருக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பு. சாமர்த்தியம் இருந்தால் அன்றைக்கு வந்தவனைத் தேடிப் பிடி பார்க்கலாம் என்பது சவால்.

ஒரு நாள் பத்திரிகையில் ஒரு கதையைப் படிக்கிறாள் கங்கா. அது அவளுடைய கதை! ஆர். கே. வி. என்ற எழுத்தாளர் எழுதியது. அந்தக் கதையில் வரும் தாயார் மட்டும் மகள் தலையில் தண்ணீரைக் கொட்டி அணைத்துக்கொள்கிறாள். கங்கா அந்தப் பத்திரிகையைத் தன் அம்மாவிடமே படிக்கக் கொடுக்கிறாள். 'அக்கினிப் பிரவேச'த்தை எழுதிய ஜெயகாந்தன், அதை ஒரு பாத்திரத்தின் கையில் கொடுத்து இன்னொரு பாத்திரத்தைக் குத்தச் செய்கிறார். அந்த எழுத்தாளராக நாகேஷ் நடித்தார். சிரிப்பு மூட்டுகிற நாகேஷ் அல்ல. தான் எழுதியது ஒரு பெண்ணின் உயிர் என்று தெரிந்ததும் கூசிப்போகிற நாகேஷ். இந்த நாகேஷ் எங்கள் பேட்டைக்காரர். பாண்டி பஜார் பக்கத்தில் தன் பெயரிலேயே ஒரு தியேட்டர் கட்டினார். டி. ஆர். ராஜகுமாரி தன் பெயரில் கட்டிய தியேட்டரைப் போல அதுவும் இன்று இல்லை.

எழுத்தாளரின் உதவியோடு கங்கா பிரபுவைக் கண்டுபிடித்துவிடுகிறாள். மாமாவின் சவாலுக்குப் பதில் கையில் கிடைத்துவிட்டது. ஆனால் ஆள் எப்படி இருக்கிறான்? பெண்டாட்டி உண்டு, காலேஜ் போகிற பெண் உண்டு, அப்பன் சேர்த்த சொத்து உண்டு, மரியாதை மட்டும் கிடையாது. சொந்த வீட்டில் அவன் ஓசிச் சாப்பாட்டுக்காரன் மாதிரி. குடி, சீட்டு, கார் என்று பொழுதைக் கொல்கிறான். அவள் வாழ்வை அழித்த அந்த மழை நாள் அவன் நினைவில் கூட இல்லை. யோசித்துப் பார்த்தால் இதுதான் மகா கொடுமை. ஒருத்திக்கு ஜன்மம் முழுவதும் நீண்ட ஒரு மாலை, இன்னொருவனுக்குப் பத்தோடு பதினொன்று.

அவள் சொல்லச் சொல்ல அவனுக்கு உறைக்கிறது. பிறகு அவன் வருகிறான்; பேசுகிறான்; மறுபடி வருகிறான். ஊர் அவளை அவனுடைய வைப்பு என்கிறது. அவள் மறுக்கவில்லை. சொல்லிக்கொண்டு போகட்டும் என்று அந்தப் பெயரையே குடையாகப் பிடித்துக்கொள்கிறாள். மாமா கூட அந்தக் குடைக்குள் வர முடியாது அல்லவா? ஆனால் குடைக்கு அடியில் நடப்பது என்ன? பேச்சுதான். உடம்பு சம்பந்தம் ஒன்றும் இல்லை.

ஏன் அவள் அவனோடு சிரிக்கிறாள்? ரொம்ப நாள் எனக்கு விளங்காத கேள்வி இது. இப்போது ஒரு மாதிரி விளங்குகிறது. உலகத்தில் எல்லாரிடமும் கங்கா ஒரு விஷயத்தை மறைக்க வேண்டியிருக்கிறது. அல்லது அந்த விஷயத்தை அவர்கள் மறக்கவில்லை என்பதை அவர்கள் கண்ணில் பார்க்க வேண்டியிருக்கிறது. மறைக்கவும் வேண்டாம், கண்ணைப் பார்த்து அஞ்சவும் வேண்டாம் என்கிற ஒரே மனிதன், அநியாயமாக, அந்த விஷயத்தைச் செய்தவனாகவே இருக்கிறான். பிரபுவுக்கும் அப்படித்தான். பணக்காரப் பிள்ளை, உதவாக்கரை மாப்பிள்ளை என்று எல்லாரும் அவனுக்கு ஒரு சீட்டு ஒட்டிவிட்டார்கள். கங்கா ஒருத்திதான் அவனை ஒரு காரியத்துக்குப் பொறுப்பாளியாக நிறுத்துகிறாள். நீ இதைச் செய்தாய் என்று யாராவது கேட்டால்தானே ஒருவன் மனிதனாக முடியும்? அவனை மனிதன் என்று எண்ணிக் குற்றம் சாட்டியவள் அவள் ஒருத்திதான்.

இதைக் காதல் என்று சொல்லலாமா? நாக்கு கூசுகிறது. அப்படியானால் வேறு என்ன பெயர்? அகராதியில் தேடினேன், அகப்படவில்லை.

இந்த இடத்தில் என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உஸ்மான் ரோடுக்குப் பின்னால் ஒரு சந்தில் பெரியம்மா வீடு. அப்பா இறந்த பிறகு நான் அங்கேதான் வளர்ந்தேன். பெரியம்மாவுக்கு ஒரே மகள். எனக்குப் பன்னிரண்டு வயது மூத்த அக்கா. டைப்பும் சுருக்கெழுத்தும் பாஸ் செய்துவிட்டு ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் மூன்றாவதோ நான்காவதோ படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மழை ராத்திரி, பஸ் இல்லாமல் அவள் நேரம் கழித்து வந்தாள். ஆபீசில் வேலை செய்கிற ஒருவர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான் நடந்தது. கங்காவுக்கு நடந்ததுபோல் ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் பெரியம்மா திண்ணையில் நின்று கத்தினாள். "எவன்டி அவன்?" என்று தொடங்கி, பதினைந்து நிமிஷம் போல் கத்தினாள். மழைச் சத்தத்தையும் மீறி அது தெருக்கோடி வரை கேட்டது. எதிர் வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்ததை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு வந்த வரன்கள் எல்லாம் தெருமுனையிலேயே விசாரித்துவிட்டுத் திரும்பிப் போயின. இரண்டு வருஷம் பார்த்தாள். பிறகு பம்பாய்க்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டாள். தீபாவளிக்கு வருவாள், மூன்றாம் நாள் ரயிலேறிவிடுவாள். பெரியம்மாவும் அவளும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. சிரித்துப் பேசியும் பார்த்ததில்லை.

1977-இல் நான் கல்லூரி மாணவன். ஜெயகாந்தன் என்றால் உயிர். பெரியம்மாவைப் படத்துக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அவள் சிவாஜி படம் தவிர வேறு பார்க்கமாட்டாள். "பாசமலர் எடுத்த பீம்சிங் படம்தான், வாங்க பெரியம்மா" என்று ஆசைகாட்டினேன். கதையைப் பற்றி மூச்சு விடவில்லை.

படம் முடிந்து பஸ்ஸில் வரும்போது பெரியம்மா பேசவே இல்லை. எனக்கோ வாய் கொள்ளவில்லை. லட்சுமியின் நடிப்பு, ஸ்ரீகாந்த்தின் சிகரெட், கங்கா பிரபுவின் விசித்திரமான நேசம் என்று அளந்துகொண்டே வந்தேன். பனகல் பார்க்கில் இறங்கினோம். பூங்காவின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு பெரியம்மா நின்றுவிட்டாள்.

"ஏண்டா, அந்தப் பெண்ணைக் கெடுத்தது யாரு?" என்றாள்.

"என்ன பெரியம்மா, பிரபுதானே?"

"அவன் ஒரு தடவை கெடுத்தான்டா. அவ அம்மா கத்தினாளே, அதுதான்டா தினம் தினம் கெடுத்தது." சற்றுப் பொறுத்து, "நானும் அப்படித்தானேடா கத்தினேன்?" என்றாள்.

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. பிரபுவைப் பற்றி அவ்வளவு நேரம் அளந்தவன் வாயடைத்து நின்றேன். அந்த வாரம் பெரியம்மா என்னை உட்காரவைத்து அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னாள். அவளுக்கு எழுத்து அவ்வளவாக வராது. வழக்கமான க்ஷேம சமாசாரங்கள்தான். கடைசியில், "அன்றைக்கு மழையில் நான் கத்தியது தப்பு" என்று எழுதச் சொன்னாள். நான் எழுதினேன். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. அதிலும் வழக்கமான சமாசாரங்கள்தான். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அந்தத் தீபாவளிக்கு வந்த அக்கா எட்டு நாள் இருந்தாள். கங்கா ஸ்நானத்தன்று விடியற்காலையில், பெரியம்மா அவளை மணையில் உட்காரவைத்துத் தலையில் எண்ணெய் தேய்த்து, வெந்நீரை எடுத்து விட்டாள். நான் கூடத்தில் படுத்துக்கொண்டு அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருவரும் இப்போது இல்லை.

இதைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நான் இளம் பிள்ளையாக அந்தப் படத்தில் பார்த்தது ஒரு காதல். பெரியம்மா பார்த்தது ஒரு குற்றம். அதுவும் பிரபுவின் குற்றத்துக்கு அடுத்த குற்றம். ஊர் கூடி ஒரு பெண்ணுக்கு வேறு எந்த வாசலும் இல்லாமல் அடைத்துவிட்டது. மிச்சம் இருந்த ஒரே வாசல் பிரபு. அவள் அதன் வழியாகப் போனாள். அதைக் கண்டு, "ஆகா, என்ன நேசம்!" என்று நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்!

நம் நாட்டில் இதற்கு ஒரு பழைய வைத்தியம் இருக்கிறது. கெடுத்தவன் தலையிலேயே கட்டிவை என்பதுதான் அது. கிராமத்து ஆலமரத்தடியிலிருந்து சினிமாவின் கடைசி ரீல் வரைக்கும் எத்தனையோ தீர்ப்புகள் அப்படித்தான் முடிந்திருக்கின்றன. தாலி ஏறிவிட்டால் குற்றம் கழுவப்பட்டதாகக் கணக்கு. வெங்கு மாமாவின் சவாலும் அந்த வைத்தியத்தின் சாயல்தான். இது பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். ஜெயகாந்தன் 2015 ஏப்ரலில் காலமானார். இரண்டு மாதம் கழித்து, ஜூன் மாதம், சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓர் உத்தரவு வந்தது. பெண்ணொருத்தியைக் கெடுத்ததற்காகத் தண்டனை பெற்றவனும் அந்தப் பெண்ணும் சமரசம் பேசிப் பார்க்கட்டும் என்பது உத்தரவு. சமரசத்துக்கு வரமாட்டேன் என்று அந்தப் பெண் தைரியமாகச் சொல்லிவிட்டாள். ஜூலை மாதம், இப்படிப்பட்ட வழக்குகளில் சமரசம் என்ற பேச்சே கூடாது என்று சுப்ரீம் கோர்ட் வேறொரு வழக்கில் சொல்லிற்று. சென்னை உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. ஆக, நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்பு ஒரு நாவலாசிரியர் கொடுக்க மறுத்த வைத்தியத்தை, நீதி ஸ்தலத்தில் இன்னும் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஜெயகாந்தன் மறுத்தார் என்றேன். அதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். கங்காவுக்கும் பிரபுவுக்கும் கல்யாணம் ஆகவில்லை. அவனுடைய மனைவியை அவர் கதையிலிருந்து கிளப்பிவிடவும் இல்லை. கங்கா தேடிப் போனது பெரியவர்கள் சொல்லி அல்ல. தன் காலால் போனாள். கையும் படக்கூடாது, காசும் கூடாது, பேசலாம் என்ற விதிகளை அவளே போட்டாள். ஒரு நாள் காரில் ஏறச் சொன்னவன் அவன். இப்போது எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது என்று தீர்மானிக்கிறவள் அவள். அவர்கள் இருவரும் சிரிக்கும்போது நமக்குச் சந்தோஷமாக இருக்கிறதே, அதன் ரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன். மன்னிப்பைக் கண்டு வந்த சந்தோஷம் அல்ல அது. ஒரு பெண் தன் வாழ்க்கையின் கதவுக்குத் தானே தாழ்ப்பாள் போடவும் திறக்கவும் கற்றுக்கொண்டதைக் கண்டு வந்த சந்தோஷம்.

அது நீடிக்கவில்லை. பிரபு திருந்துகிறான். திருந்தியவன் செய்கிற முதல் காரியம், அவளுக்கு ஒரு நல்ல வாழ்வு அமையட்டும் என்று அவளை விட்டு விலகுவது. முன்பு அவளைக் கேட்காமல் வந்தான். இப்போது அவளைக் கேட்காமல் போகிறான். முதலாவதைவிட இரண்டாவது அவளை அதிகமாக உடைக்கிறது. நாவலின் முடிவில் குடித்துக்கொண்டிருந்தவன் விட்டுவிடுகிறான், குடிக்காதவள் குடிக்கிறாள். கணக்குப் பார்த்தால் இந்த நேசத்தில் லாபம் அவனுக்கு, நஷ்டம் அவளுக்கு. ஜெயகாந்தன் மேல் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. 1970-இல் அந்தக் கணக்கு அப்படித்தான் இருந்தது. கூட்டல் தவறாமல் எழுதிவிட்டு, கீழே கோடு போட்டுவிட்டுப் போனார். கங்காவை அவராலும் விட முடியாமல் 'கங்கை எங்கே போகிறாள்' என்று இன்னொரு நாவல் எழுதினார் என்பதை நினைத்தால், அந்தத் தொகை அவரையும் உறுத்தியிருக்க வேண்டும்.

பீம்சிங் 1978-இல் மறைந்தார். கண்ணுக்குப் பார்வையும் கைக்குத் தெம்பும் கொடுத்துக்கொண்டே வந்த டைரக்டர், கடைசி நாட்களில் ஒன்றையும் சரிசெய்யாமல் ஒரு படம் எடுத்தார். எனக்கு அவர் படங்களில் அதுதான் பெரிதாகத் தோன்றுகிறது. ஸ்ரீகாந்த் 2021-இல் போனார்.

மறுபடி பனகல் பார்க்குக்கு வருகிறேன். அன்று மாலை ஆட்டோவில் ஏறிப் போன அந்தப் பெண் 'அக்கினிப் பிரவேசம்' படித்திருக்கமாட்டாள். படித்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. வேண்டாம் என்று தலையாட்ட அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் தலையாட்டத் தெரிந்தவர்களுக்கும், சில நேரங்களில், சில மனிதர்களால், தீங்கு வந்துவிடுகிறது. அப்படி ஒரு ராத்திரி அவள் நனைந்து வீடு திரும்பினால், கதவைத் திறக்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் இன்னும் பாக்கி இருக்கிற கேள்வி. அவர்கள் ஒழுங்காக நடந்துகொண்டால், எந்தப் பிரபுவையும் தேடிக்கொண்டு எந்தக் கங்காவும் போக வேண்டியிராது. தமிழுக்கு ஓர் அபூர்வமான காதல் கதை குறைந்துபோகும். குறைந்துபோகட்டும்.

மழை விட்டிருந்தது. வீட்டை நோக்கி நடந்தேன். சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பெரியம்மாவின் பழைய வீடு இருந்த இடத்தில் இப்போது நாலு மாடிக் கட்டடம். திண்ணை இல்லை. எதிர் வீட்டு ஜன்னல்கள் மட்டும் இன்னும் தெருவைப் பார்த்துத்தான் இருக்கின்றன.